தர்கூமும் மொழிபெயர்ப்பாளனின் வாய்மையும்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே கலிலேயாவில் வாழ்ந்த ரபி யூதா என்னும் யூத ஆசிரியர், மொழிபெயர்ப்பாளரைப் பற்றிக் கூறிய கூற்றொன்று ரபிமாரின் மரபுத் தொகுப்புகளிலே பேணப்பட்டுள்ளது. திருமறை வசனமொன்றை அதன் உருவம் கெடாது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் பொய்யன். அதனோடு தன் சொல்லைச் சேர்ப்பவன் இறைவனை நிந்திப்பவன் என்பது அதன் கருத்து. முதல் நோக்கில் இஃது ஒரு விடுகதை போலத் தோன்றும். சொல்லைப் பற்றி நின்றாலும் குற்றம், சொல்லை விட்டு விலகினாலும் குற்றம் என்றால் மொழிபெயர்ப்பாளன் எங்கேதான் நிற்பது? வாய் திறவாதிருத்தல் ஒன்றே அவனுக்குரிய அறமா? ஆனால் ரபி யூதா எவரையும் வாய் மூடுமாறு பணிக்கவில்லை. அவர் காலத்து யூதரின் செபக்கூடங்களில் எபிரேய மறை ஓதப்பட்டபோது, அதனை வசனம் வசனமாக அரமேய மொழியிற் சொல்லும் ஒருவர் அருகே நின்றார். அவ்வாறு வாய்மொழியாகத் தோன்றிப் பின்னர் ஏட்டில் ஏறிய மொழிபெயர்ப்புகளே தர்கூம் எனப்படுகின்றன.

எபிரேய மறையைச் செவ்வையாக விளங்க விரும்புவோர் தர்கூமைத் துணைக்கொள்ளல் வேண்டும் என்பது விவிலிய ஆய்வாளர் பலரும் ஒப்பும் கருத்து. எனினும் தர்கூமைத் திறந்து பார்ப்பவன் திகைப்படைவான். மூலத்தில் உள்ளது அதில் இல்லை, இல்லாதது உள்ளது, சிலவிடத்து மூலம் ஆம் என்பதை அது இல்லை என்கிறது. இங்ஙனம் மாற்றியுரைக்கும் ஒரு நூல் மூலத்தை விளக்குவது எவ்வாறு? மாற்றியுரைத்தவனை வாய்மையுடையவன் எனக் கொள்ளலாமா? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மூலமொழி அறியாது பிறமொழி வழியே மறைகளை அறிபவர் எவரும் இவ்வினாக்களிலிருந்து தப்ப முடியாது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் ஆறுமுக நாவலரும் உழைத்து 1850 ஆம் ஆண்டில் வெளிவந்த விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பை நினைவிற் கொண்டிருக்கும் எமக்கு இவ்வினாக்கள் அத்துணை தொலைவானவையும் அல்ல.

யூதர் தம் மறையைப் பிறிதொரு மொழியிற் கேட்க நேர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்து அதன் மக்களுட் பலரைச் சிறைகொண்டு சென்றனர். அரமேயம் அக்காலத்தே மேற்காசியாவின் பொதுமொழியாகப் பரவியிருந்தது. பின்வந்த பாரசீகப் பேரரசும் அதனையே அரசகரும மொழியாகக் கொண்டது. எகிப்தின் தென்புறத்தே நைல் நதி நடுவிலுள்ள எலிபன்ரைன் தீவிற் குடியிருந்த யூதப் படையினர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய கடிதங்களும் காணி உறுதிகளும் அரமேயத்திலேயே கிடைத்துள்ளன. மறைக்குள்ளேயும் தானியேல் நூலின் ஒரு பெரும்பகுதியும் எஸ்றா நூலின் சில பகுதிகளும் அரமேயமே. எஸ்றா மக்கள் முன் சட்டநூலை ஓதியபோது அதன் பொருள் விளங்கச் செய்யப்பட்டதாக நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரம் கூறும். தர்கூமின் தொடக்கம் அதுவே எனப் பிற்கால ரபிமார் கொண்டனர். தர்கூம் என்ற சொல்லின் பொருளும் மொழிபெயர்ப்பு என்பதே. திருக்குர்ஆனின் மொழிபெயர்ப்பை எம்மிடையே வாழும் முஸ்லிம்கள் தர்ஜமா என வழங்குவரன்றோ? அவ்வறபுச் சொல்லும் தர்கூமும் ஒரே வேரினின்றும் கிளைத்தவை.

தர்கூம் ஒரு நூலன்று, பல நூல்கள். ஐந்நூலுக்கு ஒங்கெலோஸ் தர்கூமும் தீர்க்கதரிசிகளின் நூல்களுக்கு யோனத்தான் தர்கூமும் பாபிலோனிய யூதரிடையே அதிகாரம் பெற்றவை. இவை பெரும்பாலும் மூலத்தை ஒட்டிச் செல்வன. பலஸ்தீனத் தர்கூம்களோ கதை சொல்லும் பாட்டியைப் போலக் கட்டவிழ்ந்து பேசுவன. அவற்றுள் முழுமையாகக் கிடைத்துள்ள நியோபித்தி ஏடு 1504 ஆம் ஆண்டில் றோமிலே படியெடுக்கப்பட்டது. வத்திக்கான் நூலகத்தில் அது ஒங்கெலோஸ் தர்கூம் எனப் பிழையாகப் பதியப்பட்டு நெடுங்காலம் கிடந்தது. அதன் உண்மை இயல்பினை ஸ்பானிய அறிஞர் தியெஸ் மாச்சோ 1956 இல் வெளிப்படுத்தினார். ஐந்நூலின் இன்னொரு தர்கூம் ஒரு சுருக்கக் குறியீட்டைத் தவறாக வாசித்ததன் விளைவாக யோனத்தான் பெயரைப் பெற்றது. அதனால் அது போலி யோனத்தான் என்றே அழைக்கப்படுகிறது. இஸ்மவேலின் மனைவியருள் ஒருத்திக்கு அத்தர்கூம் பாத்திமா எனப் பெயர் சூட்டியிருத்தலால், இஸ்லாம் எழுந்த பின்னரே அது இறுதி வடிவம் பெற்றது எனத் துணியலாம். பழைமையான மரபுகள் அதனுள் இருப்பினும், அதிற் காணும் ஒவ்வொரு வரியையும் கிறிஸ்துவின் காலத்ததெனக் கொண்டு வாதிடுவோர் இப்பெயரை மறத்தலாகாது.

தர்கூமினால் விளையும் நேரடிப் பயனுக்கு ஒரு சான்று காட்டலாம். அது தமிழரின் காதுக்கு இனிமையானதுங்கூட. சாலொமோன் மன்னனின் கப்பல்கள் மூன்றாண்டுகளுக்கொருமுறை கொணர்ந்த பொருள்களுள் துக்கீயிம் என்ற ஒன்றும் அரசர் வரலாற்றிற் குறிக்கப்படுகிறது. இச்சொல் அவ்விடத்தும், அதனை எடுத்துரைக்கும் நாளாகம நூலிலும் அன்றி எபிரேய மறையில் வேறெங்கும் வரவில்லை. அரசர் நூலைக் கிரேக்கத்திற் பெயர்த்தவர் இவ்விடத்திலே செதுக்கிய கற்களைப் பற்றிப் பேசுகின்றார். யோனத்தான் தர்கூமோ அதனை மயில் எனப் பெயர்க்கிறது. கால்டுவெல் முதலானோர் இவ்வெபிரேயச் சொல்லைத் தமிழின் தோகையோடு ஒப்பிட்டமை பலரும் அறிந்தது. அது ஒருவகைக் குரங்கையே குறிக்கும் என வாதிட்ட அறிஞரும் உளர். எம்மொழிச் சொல் சாலொமோனின் அரண்மனை வரை சென்றது எனப் பெருமை கொள்ளுமுன் ஒன்றை எண்ணுதல் நன்று. சாலொமோனுக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுந்த தர்கூம், அச்சொல்லைத் தன் காலத்து யூதர் எவ்வாறு விளங்கினர் என்பதற்கே சான்று. அச்சான்று சிறிதன்று, ஆனால் அறுதியானதும் அன்று.

அகராதிக்கு உதவும் இத்தகைய இடங்கள் இன்னும் பலவுள. நோவாவின் பேழை தங்கிய அரராத் மலைகளை ஒங்கெலோஸ் கர்தூ மலைகள் என அக்காலத்தார் அறிந்த பெயரால் வழங்குவதும் அவற்றுள் ஒன்று. ஆயினும் தர்கூமை அகராதியாக மட்டும் பயன்படுத்துவோர் அதன் சிறுபகுதியையே பயன்கொள்வர் என்பது என் எண்ணம். தர்கூம் மூலத்தோடு ஒத்துச்செல்லும் இடங்களைவிட அதனோடு முரண்படும் இடங்களே மூலத்தை மிகுதியாக விளக்குகின்றன. இதனை நிறுவுவதற்குத் தர்கூம் சொல்லப்பட்ட முறையை முதலில் நோக்குதல் வேண்டும்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும் அதன்பின் எழுந்த தல்மூதுகளும் இம்முறைபற்றி நுணுக்கமான விதிகளைத் தருகின்றன. மறையை ஓதுபவர் சுருளைக் கண்ணாற் பார்த்தே ஓதவேண்டும். மொழிபெயர்ப்பவரோ எந்த ஏட்டையும் பாராது வாயாற் சொல்லவேண்டும். ஐந்நூலில் ஒரு வசனம் ஓதி நிறுத்தப்படும். அதன் தர்கூம் சொல்லப்பட்ட பின்னரே அடுத்த வசனம் தொடங்கும். தீர்க்கதரிசிகளின் நூல்களில் மூன்று வசனங்கள்வரை சேர்த்து ஓதலாம். மொழிபெயர்ப்பவர் குரல் ஓதுபவர் குரலினும் மேலெழக் கூடாது. ஓதுபவர் அவருக்கு அடியெடுத்துக் கொடுக்கவும் கூடாது. இவ்விறுதி விதிக்குத் தல்மூது கூறும் காரணம் சிந்தித்தற்குரியது: அடியெடுத்துக் கொடுப்பின், தர்கூமும் சுருளிலே எழுதப்பட்டிருக்கிறது என மக்கள் எண்ணிவிடுவராம். தூணிற் சாய்ந்தபடி தர்கூம் சொன்ன ஒருவரை ஓர் ஆசிரியர் கண்டித்தார் என எருசலேம் தல்மூது கூறும். அச்சத்தோடு அளிக்கப்பட்ட மறையை அச்சத்தோடே கையாளுதல் வேண்டும் என்பது அவர் காட்டிய நியாயம்.

இவ்விதிகளைச் சடங்கு நுணுக்கங்கள் என ஒதுக்கிவிடல் எளிது. ஆயின் இவற்றினூடே ஓர் ஒழுக்கக் கோட்பாடு ஓடுகிறது. இரண்டு மனிதர், இரண்டு குரல், ஒருவர் கையிற் சுருள், மற்றவர் கையில் ஒன்றுமில்லை. எழுதப்பட்டது எது, சொல்லப்படுவது எது என்பதைக் கேட்போர் ஒவ்வொரு வசனத்திலும் கண்ணாலும் காதாலும் வேறுபடுத்தி அறியக்கூடியதாக இருந்தது. பொய் என்பது உள்ளதை மறைத்து இல்லாததை அதனிடத்தே வைத்தல். மூலம் உரத்து ஒலித்து அடங்கியபின், அதனருகே நின்று, இதனை நாம் இவ்வாறு கொள்கிறோம் என்று சொல்பவன் எதனையும் மறைக்கவில்லை. அவன் சேர்த்த சொல் சேர்த்த சொல்லாகவே கேட்கும். மொழிபெயர்ப்பாளனின் வாய்மை சொல்லோடு சொல் ஒத்திருத்தலில் தங்கியிருக்கவில்லை. மூலத்தை வாயடைக்காதிருத்தலில் தங்கியிருக்கிறது என்பதே யான் இங்கு வலியுறுத்த விரும்புவது.

இதனை மனத்திற் கொண்டு சில இடங்களை நோக்குவோம். சீனாய் மலையில் ஏறிய மூப்பர்கள் இஸ்ரவேலின் இறைவனைக் கண்டனர் என்கிறது யாத்திராகமத்தின் இருபத்து நான்காம் அதிகாரம். ஒங்கெலோஸ் அவர்கள் இறைவனின் மகிமையைக் கண்டனர் என்கிறார். ரபி யூதாவின் கூற்றுக்குப் பிற்கால உரையாளர் காட்டும் உதாரணமும் இதுவே. இறைவனைக் கண்டனர் என்று அவ்வாறே பெயர்த்தால் எவராலும் காணவொண்ணாத ஒருவரைப் பற்றிப் பொய் சொன்னதாகும். தூதனைக் கண்டனர் என்று மாற்றினால் தூதனை இறைவனிடத்தில் வைத்த நிந்தையாகும். மகிமை என்ற ஒரு சொல் இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்கிறது. பாபேலின் கோபுரத்தைப் பார்க்க இறைவன் இறங்கினார் என்பதையும் அவர் வெளிப்பட்டார் என ஒங்கெலோஸ் மாற்றுவார். ஆனால் யாக்கோபு எகிப்துக்குச் செல்லுமுன் கண்ட இரவுத் தரிசனத்திலே, உன்னோடு நான் இறங்குவேன் என்ற பொருள்படும் இறைமொழியை மாற்றாமலே விட்டுவிடுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டு மெய்யியலாளரான மைமோனிடீஸ் இதற்கு ஒரு விளக்கம் தேடினார். அது கனவிற் கேட்ட சொல் ஆதலின், கேட்டது கேட்டவாறே அறிவிக்கப்பட்டது என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நாமானிடீஸ் அதனை ஏற்கவில்லை. மைமோனிடீஸின் விதிக்கு அடங்காத இடங்களை ஒங்கெலோஸிலிருந்தே எடுத்துக்காட்டி மறுத்தார். ஒரு வினைச்சொல் மாற்றப்படாது விடப்பட்டமைக்காக இரு பேரறிஞர் நூற்றாண்டு தாண்டி வழக்காடியமை வியப்புக்குரியது. தர்கூமின் சொல் மாறுமிடத்திலும் மாறாவிடத்திலும் மூலத்தின் ஒரு முள் இருக்கிறது என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

சட்டங்களைப் பெயர்க்குமிடத்துச் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைத்தலைத் தடுக்கும் கட்டளையை ஒங்கெலோஸ் இறைச்சியைப் பாலோடு உண்ணற்க எனப் பெயர்க்கிறார். ஆடும் இல்லை, தாயும் இல்லை, வேகவைத்தலும் இல்லை. ரபிமார் அக்கட்டளைக்குக் கண்ட நடைமுறைப் பொருள் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆனால் கண்ணுக்குக் கண் என்னும் விதியை அதே ஒங்கெலோஸ் தொடவில்லை. ஊறு செய்தவன் பணஈடு செலுத்தவேண்டும் என்பதே ரபிமாரின் தெளிந்த முடிபாக இருந்தும் அவர் கண்ணுக்குக் கண் என்றே விட்டார். போலி யோனத்தானோ கண்ணுக்காகக் கண்ணின் விலை என ஒரு சொல்லைச் சேர்த்தது.

இவருள் எவர் செய்தது சரி? பால் பற்றிய விதி கேட்பவனின் அடுப்படியில் அன்றைக்கே கைக்கொள்ளப்படுவது. கண் பற்றிய விதியோ நீதிபதிகளின் கையில் உள்ளது, அவர்கள் சட்டம் அறிந்தவர். ஆதலின் ஒங்கெலோஸ் முன்னதை மாற்றிப் பின்னதை விட்டார் என்று அவருக்காக ஒருவர் வாதாடலாம். எனினும் என் மனம் விலை என்ற சொல்லைச் சேர்த்தவர் பக்கமே சாய்கிறது. செபக்கூடத்திலே நீதிபதிகள் மட்டும் இருப்பதில்லை. அண்ணன் தம்பியோடும் அயலவனோடும் பகை கொண்டவனும் அங்கே இருப்பான். அவன் காதிலே கண்ணுக்குக் கண் என்பது தாய்மொழியில் மறையின் அதிகாரத்தோடு விழுமாயின் அவன் எதை எடுத்துக்கொண்டு வீடு செல்வான்? அதற்கு மறுதலையாக, விலை என்ற சொல் மறையின் கடுமையை மறைத்துவிடுகிறது, அக்கடுமையோடு முன்னோர் எவ்வாறு போராடினர் என்பதைப் பின்னோர் அறியாது செய்கிறது என்று கூறலாம். அக்கடுமை மூலத்தில் ஓதப்பட்டு ஒலிக்கும்வரை இம்மறுப்பு வலுவற்றது. மூலம் ஓதப்படாத நாளில் இதுவே மிக வலுவான மறுப்பாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளனுக்கு எல்லையில்லாத உரிமை இருந்தது என எண்ணிவிடலாகாது. பிள்ளைகளை மோளேகுக்கு ஒப்புக்கொடுத்தலைத் தடுக்கும் லேவியராகம விதியைப் புறவினப் பெண்ணிடம் பிள்ளை பெறுதலைப் பற்றியதாக மாற்றிச் சொல்பவனைக் கடிந்து அடக்குக என மிஷ்னா ஆணையிடுகிறது. வேடிக்கை யாதெனின், அவ்வாறு அடக்கப்பட்ட விளக்கமே போலி யோனத்தானில் இன்றும் இருக்கிறது. இன்னொருபுறம், ஓதப்படலாம் ஆனால் பெயர்க்கப்படலாகாது எனச் சில பகுதிகளை மிஷ்னா குறித்துவைத்தது. ரூபன் தன் தந்தையின் மறுமனையாட்டியோடு கொண்ட தகாத உறவு, பொற்கன்று பற்றிய இரண்டாவது வருணனை முதலியன அவை. கபூல் என்னும் ஊரில் ரூபனின் வசனம் ஓதப்பட்டபோது, அதன் கடைசிப் பகுதியை மட்டும் பெயர்க்குமாறு அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் சொன்னதாகவும் ஏனையோர் அவரைப் பாராட்டியதாகவும் தல்மூதிலே காண்கிறோம். முன்னோரின் மானம் காக்கும் மௌனம் இது. மாற்றிச் சொல்லுதலைக் காட்டிலும் இம்மௌனம் எனக்கு இடர் தருவது. சொல்லைச் சேர்ப்பவன் தன் கையை வெளிக்காட்டுகிறான். சொல்லாது விடுபவன் எபிரேயம் அறிந்தோரையும் அறியாதோரையும் இரு சாதியாக்கிவிடுகிறான். அறிந்தோருக்கு ரூபனின் பழி தெரியும். அறியாதோருக்கு ஓசை மட்டுமே கிட்டும்.

இவ்விடத்தே என் கருத்துக்கு எதிராக எழக்கூடிய பெருந்தடையைக் கூறிவிடல் வேண்டும். தர்கூம் தேவைப்பட்டது எபிரேயம் அறியாதோருக்கன்றோ? அவர்கள் காதில் மூலம் எத்துணை உரத்து ஒலித்தாலும் பயன் யாது? விளங்காத மூலம் பக்கத்தில் இருப்பது பொய்யை மெய்யாக்கிவிடுமா? இது நியாயமான தடை. எனினும் அக்கால மக்கள் எபிரேயத்தை முற்றாக மறந்திருந்தனர் என்ற பழைய கொள்கை இன்று வலுவிழந்துவிட்டது. மிஷ்னா எபிரேயத்திலேயே இயற்றப்பட்டது. கி.பி. 132 முதல் 135 வரை உரோமரை எதிர்த்துப் போரிட்ட பார் கொக்பாவின் கடிதங்கள் சாக்கடலருகே ஒரு குகையில் 1960 இற் கண்டெடுக்கப்பட்டபோது, அவை எபிரேயம், அரமேயம், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளிலும் இருந்தன. ஆகவே செபக்கூடத்தில் இருந்தோர் பலர் இரு மொழியையும் ஓரளவேனும் அறிந்தவர். மூலத்தில் ஒன்றும் தர்கூமில் வேறொன்றும் கேட்கும்போது, இஃது ஏன் என்ற வினா அவர்கள் உள்ளத்தில் எழுந்தே தீரும். தனியே படிப்போரும் வாரந்தோறும் உரிய பகுதியின் மூலத்தை இருமுறையும் தர்கூமை ஒருமுறையும் படிக்க வேண்டும் எனத் தல்மூது விதித்தது. எபிரேயம் சிறிதும் அறியாதவருக்கோ இவ்வேற்பாடு அரைக்காப்பே. அதனை மறுப்பதற்கில்லை.

அரைக்காப்பும் அற்றுப்போன இடத்துக்கு ஏசாயாவின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தைச் சுட்டலாம். பிறருக்காகத் துன்புறும் ஊழியனைப் பற்றிய அப்பாடலிலே, யோனத்தான் தர்கூம் ஊழியனை மேசியா எனப் பெயரிடுகிறது. பெயரிட்டபின் அவர் துன்பங்கள் பலவற்றை அவரிடமிருந்து எடுத்துச் சிலவற்றை இஸ்ரவேலர் மீதும் சிலவற்றைப் பகைநாட்டார் மீதும் ஏற்றிவிடுகிறது. கொலைக்குக் கொண்டுசெல்லப்படும் ஆட்டுக்குட்டி அங்கே ஊழியன் அன்று, நாடுகளின் வலியோர். வெல்லும் மேசியாவை எதிர்பார்த்து நின்ற மக்களின் ஏக்கத்தை இதில் உணரலாம். அடிபட்டவர் அடிபட்டவரைப் பற்றிப் பாட விரும்பாமையையும் உணரலாம். ஆயினும் இதனை விளக்கம் என ஏற்பது எனக்கு அரிதாகவுள்ளது. இன்றைய யூதரின் ஆண்டு வாசிப்பு முறையில் இவ்வதிகாரம் ஓதப்படுவதில்லை. மூலம் ஒலிக்காதவிடத்துத் தர்கூம் தனித்து நிற்கிறது. தனித்து நிற்கும் தர்கூமை மூலத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது படிப்பவன் தலையில் விழும் கடமை.

இறுதியாக, தர்கூமின் இயல்பு முழுவதையும் ஒருங்கே காட்டவல்ல ஒரு கதைக்கு வருவோம். அது காயீன் ஆபேல் கதை. ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தில் எபிரேய மூலம் ஓரிடத்தில் உடைந்து கிடக்கிறது. காயீன் தன் தம்பி ஆபேலிடம் சொன்னான் என்று வசனம் தொடங்குகிறது. சொன்னது யாது என்பது இல்லை. அடுத்த சொல்லிலே இருவரும் வயலில் நிற்கின்றனர். காயீன் எழும்பித் தம்பியைக் கொல்கிறான். சமாரியரின் ஐந்நூலும் கிரேக்க மொழிபெயர்ப்பும், வயலுக்குப் போவோம் என்று காயீன் அழைத்ததாக இடைவெளியை நிரப்பும். ஒங்கெலோஸ் அதனை நிரப்பாது வெறுமையாகவே விட்டார். பலஸ்தீனத் தர்கூம்களோ அவ்விடத்திலே உலகின் முதற் கொலைக்கு முன் ஒரு தருக்கத்தை நிகழ்த்துகின்றன. நியோபித்தி ஏட்டிலே காயீன் சொல்கிறான்: உலகம் இரக்கத்தாற் படைக்கப்படவில்லை, நற்செயலின் பயன்படி அது நடத்தப்படுவதுமில்லை, இல்லையேல் உன் காணிக்கை ஏற்கப்பட்டு என்னுடையது ஏற்கப்படாதது ஏன்? ஆபேல் ஒவ்வொன்றையும் மறுக்கிறான். காயீன் மேலும் சென்று நீதித்தீர்ப்பும் இல்லை, நீதிபதியும் இல்லை, மறுவுலகும் இல்லை, நல்லோர்க்குப் பரிசும் இல்லை, தீயோர்க்குத் தண்டனையும் இல்லை என்கிறான். எல்லாம் உண்டு என்கிறான் ஆபேல். இதன்பொருட்டு வயலிலே வழக்காடி நிற்கையில் காயீன் எழுந்து கொல்கிறான்.

இறந்தோர் எழுவதை மறுத்த சதுசேயரை நோக்கி இத்தருக்கம் புனையப்பட்டது எனக் கருதும் ஆய்வாளர் உளர். அஃது எவ்வாறாயினும், புனைந்தவன் நேர்மையானவன் என்பேன். காயீனுக்கு அவன் அற்பமான வாதத்தைக் கொடுக்கவில்லை. காணிக்கை ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கு மூலம் காரணம் கூறவே இல்லை. காயீனின் முறைப்பாடு மூலத்தின் மௌனத்திலிருந்தே பிறக்கிறது. அன்றியும் ஆபேல் தருக்கத்தில் வென்று வயலில் தோற்கிறான். நீதிபதி உண்டு என்றவன் இரத்தம் சிந்திக் கிடக்கும்போது, இல்லை என்றவன் நின்றுகொண்டிருக்கிறான். அக்கணத்திலே எந்த நீதிபதியும் குறுக்கிடவில்லை. தர்கூம் சொன்னவர் இதனைத் தம் கேட்போரிடமிருந்து ஒளிக்கவில்லை.

அக்கதையிலே பின்னர் காயீன் இறைவனிடம், உமது முகத்துக்கு மறைந்து வாழ்வேன் எனக் கூறுவதாக எபிரேயம் அமைந்துள்ளது. நியோபித்தி மட்டுமன்றி அடக்கமே உருவான ஒங்கெலோஸும் இதனைத் தலைகீழாக்கி, உமக்கு மறைந்திருத்தல் இயலாது எனப் பெயர்க்கின்றார். இவ்வாறு உடன்பாட்டை எதிர்மறையாக்கும் உத்தியை மைக்கேல் கிளைன் என்ற அறிஞர் 1976 இல் தனிக் கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். கொன்றவனே தன் வாயால், மறைவிடம் இல்லை என ஒப்புக்கொள்வது தர்கூமில்; கொன்றவன் மறைந்து போய்விடலாம் என அஞ்சியோ நம்பியோ பேசுவது மூலத்தில். இவ்விரண்டையும் அருகருகே வைத்தாலன்றி மூலத்தில் உள்ள சொல்லின் துணிச்சல் எமக்குப் புலப்படாது.

இவ்விரண்டு வசனங்களுக்கும் இடையே இறைவன் காயீனிடம் கேட்கும் வினா இருக்கிறது. தம்பியின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிடுகிறது என்பது அவ்விடம். ஆபேல் பேசாத வயலில் காயீனுக்கு வாய் கொடுக்காது விட்ட ஒங்கெலோஸ், இங்கு மட்டும் ஒரு தொடரைச் சேர்க்கிறார். உன் தம்பியிடமிருந்து இனித் தோன்ற இருந்த சந்ததிகளின் இரத்தத்தின் குரல் என்கிறார். சிக்கனமானவர் இவ்விடத்தே ஏன் கைநெகிழ்ந்தார் என்று எபிரேயத்தைப் புரட்டிப் பார்த்தால் காரணம் தெரிகிறது. மூலத்தில் இரத்தம் என்ற சொல் பன்மையில் நிற்கிறது. உயிர்க்குற்ற வழக்கிற் சான்று சொல்ல வருவோரை எச்சரிக்கும்போது மிஷ்னாவும் இப்பன்மையையே எடுத்துக்காட்டி, கொல்லப்பட்டவனின் இரத்தமும் அவன் வழித்தோன்ற இருந்தோரின் இரத்தமும் எனப் பொருள் விரிக்கும். தமிழிலே இரத்தத்துக்குப் பன்மை வழக்கில்லை. தமிழ் விவிலியத்தில் அச்சொல் ஒருமையிலேயே நிற்கிறது. வேறு விதமாகப் பெயர்க்க வேண்டுமாயின் எம்மொழிபெயர்ப்பாளரும் மூலத்தில் இல்லாத ஒரு தொடரைச் சேர்த்தே ஆகவேண்டும்.